கிளீனர் சீட் காலியான பிறகு

வண்டி இருக்கிறது, லோடு இருக்கிறது, ஓட்டத்தான் ஆள் கிடைக்கவில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டார லாரி உரிமையாளர்களின் தீராத குறை இது. இந்தக் காலத்துப் பையன்களுக்கு உடம்பு வளைவதில்லை என்று காரணமும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் ஊரில் லாரி ஓட்டுநரை உருவாக்கிய பள்ளிக்கூடம் கிளீனர் சீட்தான். டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று குரல் கொடுப்பது என்று சில வருடம் உழைத்தவர் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தார். செலவைக் குறைக்கக் கிளீனரை நிறுத்தினார்கள். பல வண்டிகளில் இரண்டாவது டிரைவரையும் நிறுத்தினார்கள். வரும் வழியை அடைத்துவிட்டு, யாரும் வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

இந்த வேலைக்கு எவ்வளவு பயிற்சி தேவை என்பதற்குத் தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே உள்ள தொப்பூர் கணவாய் ஒன்றே போதும். பாரத்தோடு இறங்கும் லாரியை டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் முழு எடையும் பிரேக்கின் மேல் விழும். விடாமல் மிதிக்க மிதிக்க லைனிங் சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிப்பே போய்விடும். சரியான கியரில் இன்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி இறக்குவது துணிச்சல் அல்ல, படித்து வருகிற தொழில்நுட்பம். அதைக் கற்றுத்தர கும்மிடிப்பூண்டியில் அரசின் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் பயிற்சி நிலையம் இருக்கிறது. 20 வயதும், இலகு ரக உரிமம் பெற்று ஓராண்டும் ஆனால் கனரக வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கேட்கலாம். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டது. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு இலகு ரக உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததால், சிறிய டெலிவரி வண்டியில் தொடங்குவது இன்று எளிது. அங்கிருந்து லாரி, டிரெய்லர், தனிச் சான்று தேவைப்படும் கேஸ் டேங்கர் என்று ஏறிப் போகலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும் எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கும் டிரெய்லர் ஓட்டத் தெரிந்தவர்கள் எப்போதும் வேண்டும்.

தூக்கம் கெடும், குடும்பத்தைப் பிரிய வேண்டும், பெண் கொடுக்கத் தயங்குவார்கள் என்பார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் இவை ஓட்டுவதோடு பிறந்த குறைகள் அல்ல. பெரும்பாலும் வேலை நேரத்துக்கு வரம்பில்லாததால் வந்தவை. 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. நம் லாரித் தொழிலில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள். அவர்களிடம் வேலை பார்த்தவருக்கு அந்தச் சட்டம் எட்டவே இல்லை. மாற்றங்கள் வராமலும் இல்லை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் போயின, மணிக்கணக்கில் வரிசையில் கிடந்த கொடுமை குறைந்தது. புதிய நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமாகியிருக்கிறது. ஆனால் குளிர்ந்த கேபினில் பதினாறு மணி நேரம் உட்கார வைத்தால் அதுவும் கொடுமைதான்.

தானாக ஓடும் லாரி வந்தால் வேலை போய்விடாதா என்ற கேள்விக்கும் பயப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் அது பெரும்பாலும் டெக்சாஸ் போன்ற மாநிலங்களின் அகன்ற நெடுஞ்சாலைகளில்தான் ஓடுகிறது. எதிர்த்திசையில் பைக் வருகிற, சாலையோரம் நெல் காய்கிற நம் வழிகளில் இன்று இருபது வயதில் சேருகிறவரின் பணிக்காலத்துக்குள் ஆளில்லா லாரி பரவும் என்று நான் நம்பவில்லை.

சேருகிறவர் முதல் நாளே சிலவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும். சம்பளம் மாதத்துக்கா, டிரிப்புக்கா, கிலோமீட்டருக்கா? படி எவ்வளவு? டீசல் கணக்கில் துண்டு விழுந்தால் யார் பொறுப்பு? லோடுக்காகக் காத்துக் கிடக்கிற நாளுக்குப் பணம் உண்டா? பாரம் அதிகம் ஏற்றியதற்கு அபராதம் வந்தால் யார் கட்டுவது? பி.எஃப். பிடிக்கிறார்களா? ஆளில்லாமல் வண்டி நிற்கிற இந்த நேரத்தில் இதையெல்லாம் கேட்கிற பலம் ஓட்டுநரிடம் இருக்கிறது. பதிலை எழுதித் தரச் சொல்லியும் வாங்கலாம்.