காபூலில் நம்மவர்கள்

வெளிதேசத்தில் சர்க்கார் உத்தியோகம் என்றதும் விருந்துகளும் மோட்டார் சவாரிகளுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. பொறாமைப்படுவோர் சற்றே பொறுக்க வேண்டுகிறோம். காபூலிலுள்ள நம் தூதராலயத்துக்குப் போகிறவர், மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்வதற்கில்லை. மாலையில் கடைவீதிப் பக்கம் உலாவிவிட்டு வருவதற்கும் இல்லை. வெளியே போவதானால் ஆயுதம் தாங்கிய காவலர் துணை வேண்டும்.

இது வீண் பயமன்று. 2008-ம் வருஷம் ஜூலை 7-ந் தேதி காலை, வெடிமருந்து நிரப்பிய மோட்டார் ஒன்று தூதராலய வாசலில் வெடித்தது. ராஜீய உத்தியோகஸ்தர் வெங்கடேசுவர ராவ், பிரிகேடியர் மேத்தா, காவலிலிருந்த நம் சிப்பாய்கள் இருவர் உட்பட 58 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஆப்கானியர்; நம் நாட்டுக்கு வர அனுமதி கோரி வரிசையில் நின்றவர்களும் அவர்களில் உண்டு.

காவலைப் பலப்படுத்தினார்கள். 2009 அக்டோபர் 8-ந் தேதி மறுபடியும் குண்டு வெடித்தது. உள்ளிருந்த உத்தியோகஸ்தர்கள் பிழைத்தார்கள். வெளியே 17 பேர் இறந்தனர். மதில் உள்ளிருப்போரைக் காக்கும். தெருவில் காத்து நிற்பவரை எது காக்கும்? கதவைத் திறந்தால் அபாயம்; மூடிவிட்டாலோ அங்கே இருப்பதே வியர்த்தம். இந்தச் சங்கடத்தின் நடுவேதான் அன்றாடக் காரியம் நடந்தாக வேண்டும்.

காபூல் தாலிபான் வசமானதும், 2021 ஆகஸ்டு 17-ந் தேதி தூதரும் சிப்பாய்களும் விமானப் படை விமானத்தில் தாயகம் திரும்பினர். வெடிகுண்டை மோப்பம் பிடித்துவந்த மாயா, ரூபி, பாபி என்னும் நாய்களையும் கைவிடாமல் அழைத்து வந்தது நமக்குப் பரம திருப்தி. 2022 ஜூனில் ஒரு சிறு கோஷ்டி மீண்டும் அங்கே சென்றது. 2025 அக்டோபரில் அது மறுபடி தூதராலயமாயிற்று.