தானுந்துக் கிளட்ச்சின் ஆயுள்

தானுந்துக் கிளட்ச் அல்லது உரசிணைப்பி என்பது, கையால் கியர் மாற்றும் தானுந்தில் பொறியின் சுழற்சியைக் கியர் பெட்டியுடன் இணைக்கவும் அதிலிருந்து துண்டிக்கவும் பயன்படும் உறுப்பு ஆகும். தானுந்து உருவாக்கப்படும்போதே அதில் பொருத்தப்படும் கிளட்ச் ஆலைக் கிளட்ச் எனப்படும். உராய்வினால் இயங்குவதால் இது தேய்ந்தே தீரும். பயன்படுத்திய தானுந்தை வாங்குவோருக்கு, அதிலுள்ள ஆலைக் கிளட்ச் இன்னும் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது செலவையும் பாதுகாப்பையும் ஒருங்கே சார்ந்த கேள்வியாகும்.

ஆலைக் கிளட்ச் 60,000 முதல் 1,50,000 கி.மீ. வரை உழைக்கும் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. 30,000 கி.மீ. தொலைவிலேயே தேய்ந்துபோனவையும், 2,00,000 கி.மீ. கடந்து உழைப்பவையும் உண்டு. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காரணம், கிளட்ச் ஓடிய தொலைவால் தேயாமல், நழுவும் நேரத்தில் மட்டுமே தேய்வதாகும். இக்கட்டுரை திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் தொழிற்பகுதிகளின் சாலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

அமைப்பு

பொறியின் சுழல்தண்டோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரம் ஃப்ளைவீல் எனப்படும். அதன்மேல் பிரஷர் பிளேட் எனும் அழுத்தத் தகடு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் கிளட்ச் பிளேட் எனும் உராய்வுத் தகடு அமைந்துள்ளது. இத்தகடு கியர் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டில் கோக்கப்பட்டிருக்கும்.

மிதியை அழுத்தாதபோது, அழுத்தத் தகட்டிலுள்ள வட்ட வடிவ வில் உராய்வுத் தகட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறது. அப்போது மூன்றும் ஒன்றாகச் சுழலும். மிதியை அழுத்தும்போது ரிலீஸ் பேரிங் எனும் தாங்கி அவ்வில்லின் நடுப்பகுதியைத் தள்ளுகிறது. பிடி தளர்ந்து, பொறி சுழன்றாலும் கியர் பெட்டிக்குச் சுழற்சி செல்லாது நிற்கிறது.

உராய்வுத் தகட்டின் இருபுறமும் உராய்வுப் பொருளாலான வளையங்கள் தறையாணிகளால் பதிக்கப்பட்டுள்ளன. புதிய தகட்டில் தறையாணியின் தலை, வளையத்தின் மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஆழத்தில் இருக்கும். இந்த ஆழம் 0.3 முதல் 0.5 மி.மீ. ஆகக் குறைந்தவுடன் தகட்டை மாற்றிவிடுமாறு பல தயாரிப்பாளர்களின் பழுதுபார்ப்புக் கையேடுகள் கூறுகின்றன. அதாவது, ஒரு கிளட்ச்சின் ஆயுள் முழுவதும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் அடங்கியுள்ளது.

தேய்மானம் ஏற்படும் விதம்

கிளட்ச் முழுமையாகப் பிடித்திருக்கும்போது தகடும் ஃப்ளைவீலும் ஒரே வேகத்தில் சுழல்வதால் உராய்வு இல்லை. முழுமையாக விடுபட்டிருக்கும்போதும் தேய்மானம் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட, பேச்சு வழக்கில் 'ஆஃப் கிளட்ச்' எனப்படும் நிலையில்தான் இரு பரப்புகளும் வெவ்வேறு வேகத்தில் உரசி வெப்பத்தை உண்டாக்குகின்றன. அந்த வெப்பமே தேய்மானத்தின் அளவுகோலாகும்.

நின்ற நிலையிலிருந்து தானுந்து கிளம்பும்போது, பொறி மாறாத வேகத்தில் சுழல்வதாகக் கொண்டால், அது தரும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி தானுந்தின் இயக்க ஆற்றலாகவும் மீதிப் பாதி கிளட்ச்சில் வெப்பமாகவும் மாறுகிறது. எனவே ஒரு கிளம்பலில் உண்டாகும் வெப்பத்தை இயக்க ஆற்றலைக் கொண்டே மதிப்பிடலாம். எடுத்துக்காட்டாக, 1,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு சிறிய தானுந்தைக் கொள்வோம்.

* முதல் கியரில், பொறி நிமிடத்துக்கு 1,500 சுற்றில் இருக்கும்போது கிளட்ச் முழுதாகப் பிடித்தால், தானுந்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 12 கி.மீ. ஆக இருக்கும். வெப்பம் ஏறத்தாழ 5.5 கிலோஜூல்.
* அதே முதல் கியரில் பொறியை 3,000 சுற்றுக்கு உறுமவிட்டுக் கிளப்பினால் வேகம் இரு மடங்காவதால், வெப்பம் நான்கு மடங்காகி ஏறத்தாழ 22 கிலோஜூல் ஆகும்.
* 1,500 சுற்றில், ஆனால் இரண்டாம் கியரில் கிளப்பினால், பிடிக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 22 கி.மீ.; வெப்பம் மூன்று மடங்குக்கும் மேல்.
* நூற்றுக்கு ஐந்து சரிவுள்ள மேம்பால ஏற்றத்தில், பிரேக்கைப் பயன்படுத்தாமல் முதல் கியரில் 1,500 சுற்றில் கிளட்ச்சாலேயே வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தி வைத்தால் ஏறத்தாழ 98 கிலோஜூல் வெப்பம் உண்டாகும். இது சமதளத்தில் 17 அல்லது 18 முறை கிளம்புவதற்குச் சமம்.

ஓடும்போது கியர் மாற்றுகையில் இரு பரப்புகளின் வேக வேறுபாடு குறைவாகவும் நழுவும் நேரம் மிகச் சிறிதாகவும் இருப்பதால், தேய்மானமும் குறைவு. நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் ஒரு மணி நேரம் ஓடும் வண்டியின் கிளட்ச் அந்நேரம் முழுவதும் தேய்வதே இல்லை எனலாம்.

தொலைவும் சூழலும்

திருவள்ளூர் மாவட்டத்தில் இருவகைச் சாலைச் சூழலையும் காணலாம். கும்மிடிப்பூண்டி, சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 16இல் (முன்னர் 5) அமைந்துள்ளது. இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து கவரைப்பேட்டை, தச்சூர் வழியாகச் செல்லும் வண்டி நெடுந்தொலைவுக்கு உயர் கியரிலேயே ஓடக்கூடும். அதே வண்டி செங்குன்றம், புழல் கடந்து மாதவரத்தை நெருங்கும்போது நகர நெரிசலில் நுழைகிறது. காட்டுப்பள்ளி, காமராசர் துறைமுகங்களுக்குச் செல்லும் சரக்குந்துகளின் வரிசையில் சிக்கினால் அடிக்கொரு முறை நின்று கிளம்ப வேண்டும். மறுபுறம், திருவள்ளூரிலிருந்து ஆவடி, அம்பத்தூர் வழியாகச் சென்னைக்கு வரும் சாலையிலும் சந்திப்புகளும் நிறுத்தங்களும் மிகுதி.

இதனைக் கணக்காகப் பார்க்கலாம். ஒருவர் 40 கி.மீ. பயணத்தில் 10 முறை மட்டுமே நின்று கிளம்புகிறார் எனில், 1,00,000 கி.மீ. ஓட்டத்தில் 25,000 கிளம்பல்கள் ஆகும். மற்றொருவர் அதே 40 கி.மீ. தொலைவில் 120 முறை நின்று கிளம்புகிறார் எனில், அவருடைய வண்டி 25,000 கி.மீ. ஓடியதுமே 75,000 கிளம்பல்களைக் கண்டுவிடும். அளவியில் கால் பங்கே காட்டும் இரண்டாவது வண்டியின் கிளட்ச், முதல் வண்டியினுடையதைவிட மூன்று மடங்கு உழைத்துள்ளது. 'குறைவாக ஓடிய வண்டி' என்பது கிளட்ச்சைப் பொறுத்தவரை நற்சான்று ஆகாது.

பதிவெண்ணும் இதற்கு விடை தராது. டி.என். 20 திருவள்ளூரையும் டி.என். 18 செங்குன்றத்தையும் குறிக்கும். அவை வண்டி பதிவான இடத்தைக் காட்டுமே தவிர, ஓடிய சாலையைக் காட்டுவதில்லை. முந்தைய உரிமையாளரின் அன்றாடப் பயண வழி, வண்டியை ஓட்டியோர் எண்ணிக்கை, ஓட்டுநர் பயிற்சிக்குப் பயன்பட்டதா என்பன கேட்டறிய வேண்டியவை.

மாவட்டமும் தானுந்துத் தொழிலும்

திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அமைத்த ஆலையில் மிட்சுபிஷி லான்சர் தானுந்து 1998 முதல் தயாரிக்கப்பட்டது. பின்னர் இவ்வாலை சிட்ரோயன் தானுந்துகளின் தயாரிப்பிடமாயிற்று. 2021இல் சி5 ஏர்கிராஸ், 2022இல் சி3 ஆகியவை விற்பனைக்கு வந்தன. சி3 அறிமுகமானபோது கையால் கியர் மாற்றும் வகையில் மட்டுமே கிடைத்தது. முன்பு இம்மாவட்டத்தில் இருந்து 2018இல் சென்னை மாவட்டத்தோடு இணைக்கப்பட்ட அம்பத்தூரில், ரானே பிரேக் லைனிங் நிறுவனம் பிரேக் பட்டைகளோடு கிளட்ச் உராய்வு வளையங்களையும் தயாரித்து வந்துள்ளது.

லான்சர் போன்று உற்பத்தி நின்றுபோன தானுந்துகளில், இன்று உள்ளது ஆலைக் கிளட்ச்தான் என்று கொள்ள இயலாது. கிளட்ச் எப்போது, எத்தனை கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்பதைப் பழுதுபார்ப்புச் சீட்டுகளைக் கொண்டே அறிய வேண்டும்.

தேய்மானம் தவிர்ந்த காரணங்கள்

உராய்வு வளையம் தேயாமலேயே கிளட்ச் பழுதாவதும் உண்டு.

* எண்ணெய்க் கசிவு: பொறியின் பின்புற எண்ணெய்த் தடுப்பு வளையம் கசிந்தால் உராய்வுத் தகட்டில் எண்ணெய் படிந்து அது நழுவும். கசிவைச் சரிசெய்யாமல் தகட்டை மட்டும் மாற்றினால் புதிய தகடும் கெடும்.
* கேபிள் இறுக்கம்: கேபிள் வகைக் கிளட்ச்சில், தகடு தேயத் தேய மிதியின் தளர்வு குறைந்துகொண்டே வரும். அவ்வப்போது சரிசெய்யாவிட்டால், மிதியைத் தொடாதபோதும் ரிலீஸ் பேரிங் வில்லை அழுத்திக்கொண்டிருக்கும். இதனால் தேய்மானம் விரைவுபடும்.
* நீர்மம்: நீர்ம அழுத்த வகையில் இத்தளர்வு பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுவதால், தேய்மானம் மிதியில் எளிதில் தெரிவதில்லை.
* வெள்ளம்: 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டது. இவ்வாறு நீரில் நின்று, பின்னர் நெடுநாள் ஓட்டப்படாமல் கிடக்கும் வண்டியில் துருவினால் உராய்வுத் தகடு ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். மிதியை முழுதாக அழுத்தியும் கியர் விழாதிருப்பது இதன் அறிகுறி.

பயன்படுத்திய தானுந்தில் சோதித்தல்

கியர் பெட்டியை இறக்காமல் தகட்டின் தடிமனை அளக்க இயலாது. எனினும் அதன் நிலையைப் பின்வருமாறு ஊகிக்கலாம்.

1. நழுவல் சோதனை: முன்னும் பின்னும் ஆளில்லாத சமதளத்தில், பொறி சூடான பின், கைப்பிரேக்கைப் போட்டு, பிரேக் மிதியையும் அழுத்திக்கொண்டு நான்காம் கியரில் கிளட்ச் மிதியை மெல்ல விட வேண்டும். நல்ல கிளட்ச் எனில் பொறி உடனே நின்றுவிடும். தொடர்ந்து சுழன்றால் கிளட்ச் நழுவுகிறது. இதனைத் திரும்பத் திரும்பச் செய்தால் கிளட்ச் கருகும்.
2. ஓட்டச் சோதனை: உயர் கியரில் ஓடும்போது முடுக்கியை அழுத்தினால் பொறியின் சுற்று மட்டும் உயர்ந்து வேகம் உயராதிருப்பது முற்றிய தேய்மானத்தைக் காட்டும்.
3. பிடிக்கும் இடம்: மிதி ஏறத்தாழ முழுதும் மேலே வந்த பிறகே வண்டி நகரத் தொடங்குவது தேய்மானத்தின் அறிகுறியாகலாம்.
4. ஒலி: மிதியை அழுத்தும்போது மட்டும் எழும் இரைச்சல் ரிலீஸ் பேரிங்கின் பழுதைக் குறிக்கும். மிதியை அழுத்தினால் மறையும் இரைச்சல் பெரும்பாலும் கியர் பெட்டித் தண்டின் தாங்கியைச் சார்ந்தது.
5. அதிர்வு, நாற்றம்: கிளம்பும்போது வண்டி குலுங்குவதும், கருகல் நாற்றம் வீசுவதும் தகடும் ஃப்ளைவீலும் மிகையாகச் சூடேறியதைக் காட்டலாம்.

நழுவும் கிளட்ச் வசதிக்குறைவு மட்டுமன்று. நெடுஞ்சாலையில் சரக்குந்தை முந்தும்போதோ, தொடர்வண்டிக் கடவைப் பாதையைக் கடக்கும்போதோ பொறியின் ஆற்றல் சக்கரத்துக்குச் செல்லாதுபோனால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மாற்றுதல்

புதிய தானுந்துகளின் உத்தரவாதத்தில், இயல்பாகத் தேயும் பொருள் என்பதால் கிளட்ச் தகடு பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். எனவே இச்செலவு உரிமையாளரையே சாரும். கியர் பெட்டியை இறக்கும் வேலையே பெரிது என்பதால், உராய்வுத் தகடு, அழுத்தத் தகடு, ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றுவது வழக்கம். ஃப்ளைவீலின் பரப்பில் வெடிப்போ நீல நிறமோ உள்ளதா என்பதையும் அப்போது பார்க்க வேண்டும். விலை பேசும்போதே இத்தொகையை ஒரு பணிமனையில் கேட்டறிந்து கணக்கில் கொள்வது வாங்குவோருக்கு நன்மை தரும்.

பழைய உராய்வு வளையங்களில் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழைகளை மூச்சில் உள்ளிழுப்பது நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கல்நார்ப் பயன்பாடு 2005 முதல் தடை செய்யப்பட்டது. பழைய வண்டியில் எவ்வகை வளையம் உள்ளது என்பது பார்வைக்குத் தெரியாது. ஆகவே கிளட்ச் உறையிலுள்ள தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே தொழிலாளருக்குப் பாதுகாப்பானது.

ஆயுளை நீட்டித்தல்

* முதல் கியரிலேயே, பொறியை உறுமவிடாமல் கிளம்புதல்.
* சந்திப்பிலும் கடவைப் பாதையிலும் நிற்கும்போது கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து மிதியை விட்டுவிடுதல்.
* ஏற்றத்தில் வண்டியைக் கிளட்ச்சால் நிறுத்தாமல் கைப்பிரேக்கால் நிறுத்துதல்.
* ஓடும்போது மிதிமேல் காலை வைத்திராதிருத்தல்.
* நெரிசலில் முன்வண்டி நகரும் ஒவ்வொரு அடிக்கும் தொடர்ந்து செல்லாமல், சற்று இடைவெளி விட்டுப் பின்னர் நகர்தல்.

இவற்றைப் பின்பற்றிய ஒருவரின் வண்டி, அளவியில் அதிகத் தொலைவு காட்டினாலும், அதன் கிளட்ச்சில் மிச்சமுள்ள ஆயுள் அதிகமாக இருக்கலாம்.

இவற்றையும் பார்க்க

* உராய்வு
* முறுக்குவிசை
* இயக்க ஆற்றல்
* கும்மிடிப்பூண்டி
* திருவள்ளூர் மாவட்டம்