சிம் லாக்: பூட்டு எங்கே, சாவி யாரிடம்?

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர் தன் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போகிறார். நம்ம ஊர் சிம்மைப் போட்டால் "இந்த சிம் செல்லாது" என்கிற மாதிரி ஒரு செய்தி வருகிறது. போன் ரிப்பேர் இல்லைங்க, லாக் ஆகியிருக்கிறது.

சிம் கார்டுக்குள் ஐஎம்எஸ்ஐ என்று ஓர் எண் உண்டு. அதன் முதல் 3 இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும், அடுத்த 2 அல்லது 3 இலக்கங்கள் நிறுவனத்தை. ஏடி அண்ட் டி சிம் என்றால் 310410 என்று தொடங்கலாம். இந்திய சிம் என்றால் 404 அல்லது 405. லாக் ஆன போன் இந்த எண்ணைப் படித்து, தனக்கு அனுமதிக்கப்பட்டதுதானா என்று பார்க்கும். இல்லையென்றால் நெட்வொர்க்கில் சேராது. அவ்வளவுதான் லாக்.

எதற்கு இது? 2008-ல் ஐபோன் 3ஜி அமெரிக்காவில் 199 டாலருக்குக் கிடைத்தது, 2 வருட ஒப்பந்தத்தோடு. மீதி விலையை மாதக் கட்டணத்தில் வசூலிக்கும்வரை வாடிக்கையாளர் ஓடிவிடக் கூடாது இல்லையா?

சரி, திறப்பது எப்படி? பழைய நோக்கியாக்களில் ஐஎம்இஐ எண்ணை வைத்தே கணக்குப் போட்டுத் திறக்கும் கோடைக் கண்டுபிடித்தார்கள். ஐபோனில் கோடே கிடையாது. நிறுவனம் ஒப்புக்கொண்டால், ஆப்பிளின் சர்வரில் அந்த ஐஎம்இஐ 'திறக்கப்பட்டது' என்று பதிவாகும். சாவி இப்போது போனிலேயே இல்லை.

கடன் அடைந்த பிறகும் சாவி நிறுவனத்திடமே இருப்பதுதான் சிக்கல். 2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கிய போனை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பது அமெரிக்காவில் காப்புரிமைச் சட்டப்படி தவறு என்றானது. ஒரு லட்சம் பேருக்கு மேல் வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்டார்கள். 2014 ஆகஸ்டில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அதை மறுபடி அனுமதித்தது. கனடா 2017-லும் பிரிட்டன் 2021-லும் லாக் செய்த போனை விற்பதையே நிறுத்தின.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். திருட்டுப் போன் என்று ஐஎம்இஐ கறுப்புப் பட்டியலில் ஏறியிருந்தால், அது வேறு. முந்தைய உரிமையாளரின் ஐகிளவுட் கணக்கு கேட்டால், அதுவும் வேறு. சிம் லாக்கைத் திறந்தாலும் இந்த இரண்டும் போகாது.

ஆகவே வெளிநாட்டுப் போனை வாங்கும் முன், செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போய் 'கேரியர் லாக்' என்ற வரியைப் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் நல்லது. இல்லையென்றால், தவணை பாக்கியைக் கட்டிவிட்டு விற்ற நிறுவனத்திடமே திறக்கச் சொல்லுங்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கேட்டால்தான் சுலபம். அதனால் போன் விமானம் ஏறும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.