மாசம் ஆயிரம் ரூபாய்தானே சார்!

போன மார்கழியில் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர் கூட்டம் கிடங்கிலேயே நடந்தது. எள்ளு மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை போட்டு, சென்னையிலிருந்து வந்த தம்பி ஒருவர் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். கொள்முதல், இருப்பு, விற்பனை, சம்பளம், கணக்கு எல்லாம் ஒரே மென்பொருளில். இ.ஆர்.பி. என்கிறார்கள். திரையில் பச்சையும் நீலமுமாகப் படங்கள் ஓடின.

"எவ்வளவு தம்பி ஆகும்?" என்றேன்.

"ஒரு ஆளுக்கு மாசம் ஆயிரம் ரூபாய்தான் சார். தை பொறந்ததும் ஆரம்பிச்சிடலாம்."

எனக்குச் சபலம் தட்டியது. காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய பட்டத்தில் உறுப்பினர் ஒருவர் போட்ட மூன்று மூட்டை எள்ளு எங்கள் நோட்டில் ஏறவே இல்லை. பணம் கைக்குப் போக நாற்பது நாள் ஆனது. பேரவைக் கூட்டத்தில் அவர் எழுந்து, "வியாபாரிகிட்டப் போட்டிருந்தா அன்னைக்கே காசு. நம்ம கம்பெனின்னு நம்பிப் போட்டேன்" என்றார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அதே பட்டத்தில், இயற்கைக்கு மாறி முதல் வருடமே ஆன வயலின் நெல், சான்று பெற்ற நெல்லோடு கலக்கப் பார்த்தது. கடைசி நேரத்தில் சுமை தூக்குகிறவர் சொல்லித்தான் தப்பித்தோம். கலந்திருந்தால் மொத்தக் குழுவின் சான்றுக்கும் ஆபத்து.

ஆகவே மென்பொருள் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சரி என்று கை தூக்கப் போனேன். அப்போது எங்கள் இயக்குநர் அக்கா ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, சாக்கு எடை, ஈரத்துக்குக் கழிவு இதெல்லாம் இதுல எப்படிப் போடுவீங்க? மாறிக்கிட்டிருக்கிற வயல் நெல்லு தனி, சான்று வாங்கின நெல்லு தனின்னு இது காட்டுமா?"

தம்பி கொஞ்சம் யோசித்தார். "அது கஸ்டமைஸ் பண்ணணும்மா. தனி சார்ஜ்."

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தைந்து வருடம் வங்கியில் இருந்தவன் நான். டிராக்டர் கடனுக்கு வருபவரிடம் விலையை மட்டுமா கேட்டேன்? டீசல் எவ்வளவு, டிரைவர் கூலி எவ்வளவு, பழுதுக்கு எவ்வளவு, வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள் என்று குடைந்து எடுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். சொந்த நிறுவனத்துக்கு ஒன்று வாங்கும்போது அத்தனையும் மறந்து போயிருந்தது. முடிவை ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு, அன்று இரவே பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

ஐந்து வருடக் கணக்கு

ஐந்து பேர் பயன்படுத்த மாதம் 5,000 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 3,00,000. நிறுவிக் கொடுக்க 1,50,000. நம் முறைக்கு மாற்றிக் கொடுக்க 80,000. முதல் வருடம் போக, நான்கு வருடப் பராமரிப்பு 1,00,000. ஆக 6,30,000. இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 7,43,400.

இந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். நாம் விற்பதில் பெரும்பகுதி வரிவிலக்குப் பெற்ற பொருள். வரிவிலக்கு விற்பனைக்கு உரிய உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அதுவும் செலவுதான்.

இன்னும் முடியவில்லை. இரண்டு கணினி, அச்சு இயந்திரம், யு.பி.எஸ். எல்லாம் 90,000. இணைய இணைப்பு மாதம் 800 வீதம் 48,000. பதிவு போட அரைநாள் ஆள், மாதம் 6,000 வீதம் 3,60,000. மொத்தம் 12,41,400 ரூபாய். வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம்.

எங்கள் உறுப்பினர்கள் 400 பேர். ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டுச் சேர்த்த பங்குத்தொகை 8 லட்சம். ஆடு விற்றுக் கட்டியவர்களும் அதில் உண்டு. ஐந்து வருட மென்பொருள் செலவு அந்த மொத்தப் பங்குத்தொகையைவிட அதிகம். எங்கள் வருட விற்பனை 90 லட்சம். செலவு போக நிற்பது நூற்றுக்கு நான்கு, அதாவது 3,60,000. அதில் இரண்டரை லட்சத்தை மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டு, தை அறுப்பில் நெல்லுக்குப் பணம் எங்கிருந்து கொடுப்பது?

வாங்காமல் இருப்பதற்கும் விலை உண்டு

இதோடு நிறுத்தினால் கணக்கு ஒருதலைப்பட்சம். நோட்டை நம்பி இருந்ததில் அந்த ஒரு வருடம் மட்டும் நாங்கள் இழந்ததையும் எழுதினேன். தேதி பார்க்காமல் கெட்டுப்போன இடுபொருள் 34,000. கிடங்கில் குறைந்த எள்ளும் நெல்லும் 41,000. தாமதக் கட்டணங்களும், கலைந்து கிடந்த கணக்கைச் சரிசெய்யத் தணிக்கையாளருக்குக் கொடுத்த கூடுதல் தொகையும் 35,000. ஆக 1,10,000. அந்த எள்ளுக்காரரின் மனக்கசப்புக்கு விலை போடவில்லை.

விடை இப்போது தெளிவானது. வருடம் 1,10,000 ரூபாய் ஓட்டையை அடைக்க அதற்கும் குறைவாகத்தான் செலவழிக்கலாம். இரண்டரை லட்சம் கொடுக்க முடியாது. சும்மா இருக்கவும் முடியாது.

பெரிய கம்பெனிகள் பட்ட பாடு

பெரிய கம்பெனிகளுக்கே இது சுலபமாக இருக்கவில்லை. ஜெர்மனியின் லிடில் என்ற சங்கிலிக் கடை நிறுவனம் 2011-இல் தொடங்கிய மென்பொருள் திட்டத்தை ஏழு வருடம் கழித்து 2018-இல் கைவிட்டது. செலவு சுமார் 50 கோடி யூரோ என்று செய்திகள் வந்தன. அந்த நிறுவனம் இருப்பை வாங்கிய விலையில் கணக்கிடும். மென்பொருளின் வழக்கமோ விற்கும் விலையில் கணக்கிடுவது. தன் வழக்கத்தை விடாமல் மென்பொருளை வளைத்துக்கொண்டே போனது பெரிய காரணமாகச் சொல்லப்பட்டது. எங்கள் அக்கா கேட்ட கழிவுக் கேள்வியும் இந்தச் சாதிதான்.

அமெரிக்காவின் ஹெர்ஷீஸ் சாக்லேட் கம்பெனி 1999-இல், பண்டிகை வியாபாரத்துக்குச் சற்று முன்னால் புதிய மென்பொருளுக்கு மாறியது. சரக்கு இருந்தும் கடைகளுக்கு நேரத்துக்கு அனுப்ப முடியாமல் திணறியது. "தை பொறந்ததும் ஆரம்பிச்சிடலாம்" என்று அந்தத் தம்பி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. நமக்கு அறுப்புதான் பண்டிகை. அந்த நேரத்தில் களத்தில் சோதனை செய்யக் கூடாது.

வங்கியில் நானே பட்டதும் உண்டு. பேரேட்டிலிருந்து கணினிக்கும், பிறகு எல்லாக் கிளைகளையும் இணைத்த முறைக்கும் மாறிய காலத்தில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருக்கிறோம். இயந்திரம் ஒரு நாளும் எங்களைப் படுத்தவில்லை. பழைய கணக்குதான் படுத்தியது. ஒரே ஆள் மூன்று பேரேட்டில் மூன்று விதமான இனிஷியலோடு இருப்பார். நோட்டில் உள்ள குழப்பம் கணினிக்குப் போனால் வேகமான குழப்பம் ஆகும், அவ்வளவுதான்.

நாங்கள் செய்தது

முதலில் எடைச் சீட்டு. ஒன்றுக்கு இரண்டாக, எண் போட்டு அச்சடித்தோம். எடை போட்ட இடத்திலேயே ஒன்று உழவர் கையில், ஒன்று கிடங்கில். வயல் எண்ணும், சான்று நிலையும் அந்தச் சீட்டிலேயே இருக்கும். சான்று பெற்ற வயல் மூட்டைக்குப் பச்சைக் கயிறு, மாறிக்கொண்டிருக்கும் வயலுக்கு மஞ்சள் கயிறு.

அடுத்து, கடைகளில் சாதாரணமாகப் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒன்று வாங்கினோம். அதில் ஒரு விஷயம் கவனித்தோம். கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் எந்தக் கம்பெனியும், யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற தடத்தை அழியாமல் பதியும் மென்பொருளைத்தான் வைத்திருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம். நம் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். பழைய நகல் மென்பொருளை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் தணிக்கையாளரிடம் இன்றே கேளுங்கள்.

பதிவு போட பி.காம். படித்த ஓர் உறுப்பினரின் மகள், அரைநாள் வேலை. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 ரூபாய்க்குள் அடங்குகிறது.

சம்பா அறுப்பில் மூன்று நாளுக்குள் எல்லோருக்கும் பணம் போனது. குறை இல்லாமல் இல்லை. இரண்டு இடத்தில் கயிறு மாறிவிட்டது. சீட்டைப் பார்த்துத் திருத்தினோம். அந்தப் பெண் ஒரு வாரம் ஊருக்குப் போனபோது பதிவு நின்றது. இன்னொருவருக்கும் பழக்கி வருகிறோம்.

இலவச இ.ஆர்.பி. இருக்கிறதே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். மும்பையில் உருவான இ.ஆர்.பி.நெக்ஸ்ட் திறந்த மூல மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் அதை வைக்கும் சர்வருக்கு வாடகை உண்டு, நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சும்மா கிடைத்த கன்றுக்குட்டிக்கும் தீனி போட்டாக வேண்டும். எங்கள் சீட்டு முறை இன்னும் இரண்டு பட்டம் ஒழுங்காக ஓடட்டும், பிறகு பார்ப்போம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

உங்கள் நிறுவனத்துக்கும் மடிக்கணினியோடு யாராவது வருவார்கள். விரட்ட வேண்டாம், டீ கொடுத்து இவற்றைக் கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு? மாதக் கட்டணம் எப்போது ஏறும்? கரண்டும் இணையமும் இல்லாதபோது எடை போட முடியுமா? திரை தமிழில் வருமா? நமக்காக மாற்றியது அடுத்த பதிப்பிலும் நிற்குமா? நாங்கள் விலகினால் எங்கள் தரவு முழுவதையும் எந்த வடிவில் தருவீர்கள்? இரண்டு பட்டம் இதை ஓட்டிய வேறொரு உழவர் நிறுவனத்தின் தொலைபேசி எண் தருவீர்களா?

கடைசிக் கேள்விக்கு எண் கிடைத்தால், அங்கே தலைவரைக் கூப்பிடாதீர்கள். கிடங்கில் எடை போடுகிறவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

எங்கள் எள்ளுக்காரர் இந்தப் பட்டமும் எங்களிடம்தான் போட்டார். எடைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இது போதும் சார்" என்றார்.