கல்லூரியில் இடம் கிடைத்தால் போதுமா?

மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விடும் பெற்றோரே, உங்களிடம் ஒரு சொல். கல்லூரி திறந்த சில வாரங்களில் உங்கள் மகள் ஒரு படிவத்தோடு வீடு திரும்பக்கூடும். 'நாட்டு நலப்பணித் திட்டம்' என்று அதன் தலைப்பில் அச்சிட்டிருக்கும். நம் இல்லங்கள் பலவற்றில் அப்படிவம் அன்றோடு மடித்து வைக்கப்பட்டு விடுகிறது. "படிக்கத்தானே அனுப்பினோம், இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டு முடித்து விடுகிறோம். கேள்வி நியாயமானதே. ஆனால் விடையை அறியாமலேயே படிவத்தை மடித்து வைப்பது நியாயமாகாது.

பட்டுத் தறிகளின் ஓசையோடு பொழுது விடியும் நம் ஆரணியிலிருந்தும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்றூர்களிலிருந்தும் பெண்மக்கள் இன்று வேலூருக்கும் செய்யாற்றுக்கும் பேருந்தேறிக் கல்லூரி செல்கின்றனர். அவர்களில் பலர் தம் குடும்பத்திலேயே கல்லூரி வாயிலை மிதிக்கும் முதல் பெண்கள். பாடத்தில் ஐயம் வந்தால் கேட்பதற்கு வீட்டில் அக்காள் இல்லை. அலுவலகத்தில் எந்தச் சன்னலில் நிற்பது என்று சொல்வதற்கும் எவரும் இல்லை.

என்னிடம் ஓதிய மாணவி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டாம் பருவத்திலேயே நின்றுவிட்டாள். கட்டணம் காரணமன்று. முதல் பருவத்தில் ஆங்கிலத் தாளில் தவறிவிட்டாள்; அத்தாளை மீண்டும் எழுதலாம் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நூற்றுக்கணக்கான மாணவியர் நடமாடிய அந்த வளாகத்தில், இதைச் சொல்லித் தேற்ற அவளுக்கு ஒரு தோழிகூட வாய்க்கவில்லை. இன்று அவள் கையில் பட்டம் இல்லை.

அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு

இந்தத் தனிமைக்கு அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் நெடுங்காலத்திற்கு முன்பே ஒரு வழி கண்டனர். 1851ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், வெஸ்லியன் பெண்கள் கல்லூரி மாணவியர் 'அடெல்ஃபியன்' என்னும் சங்கத்தை நிறுவினர். இத்தகைய சங்கங்கள் இன்று 'சொராரிட்டி' எனப்படுகின்றன. சகோதரி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது.

அவற்றில் சேருவது எளிதன்று. பெரும்பாலான சங்கங்களில், புதிய மாணவி சில நாட்கள் ஒவ்வொரு சங்க இல்லத்திற்கும் சென்று உறுப்பினரோடு உரையாட வேண்டும். சுற்றுக்குச் சுற்று இருதரப்பும் தத்தம் விருப்பத்தைச் சுருக்கிக்கொண்டே வரும். இறுதி நாளில் ஒரு சங்கத்திடமிருந்து அழைப்பு வரும், வராமலும் போகலாம். அழைப்பை ஏற்றவள் சில வாரங்கள் புதுமுகமாகப் பயின்று, சடங்கு ஒன்றின் வழியே முழு உறுப்பினராவாள். சந்தாவும் உண்டு, அது சிறு தொகையன்று.

திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைத் தாய்வழிப் பாட்டனார் ஊராகக் கொண்டவரும், 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணை அதிபராக இருந்தவருமான கமலா ஹாரிஸ், 1908இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய கறுப்பினப் பெண்களின் சங்கமொன்றில் மாணவப் பருவத்தில் சேர்ந்தவர். இஸ்லாமிய நெறியை அடிப்படையாகக் கொண்ட 'காமா காமா கை' என்னும் சங்கமும் 2005இல் அங்கே தொடங்கப்பட்டது.

நன்மையோடு தீமையும் கலந்தே இருக்கிறது. புதியவரைச் 'சோதிப்பது' என்னும் பெயரில் இழிவுபடுத்தும் வழக்கம் அந்நாட்டு மாணவர் சங்கங்களில் உயிர்களையும் பறித்திருக்கிறது.

நம் கல்லூரிகளில் என்ன இருக்கிறது?

சொராரிட்டி நம் கல்லூரிகளில் இல்லை. ஆனால் மாணவியர் சேர்ந்து பணியாற்றிச் சகோதரிகளாகும் வாய்ப்பு இருக்கிறது. அந்த மடித்து வைத்த படிவம் அதற்கானதே.

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் முழக்கம். இதில் எவருடைய அழைப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அழகும் செல்வமும் எடைபோடப்படுவதில்லை. ஏறத்தாழ நூறு மாணவர் கொண்டது ஓர் அணி. அதன் பொறுப்பாளர் அக்கல்லூரியின் ஆசிரியர் ஒருவரே. அவருக்குத் திட்ட அலுவலர் என்று பெயர். விரும்பும் மாணவி அவரிடம் பெயர் கொடுத்துப் படிவத்தை நிரப்பித் தந்தால் போதும். இடம் நிரம்பிவிடும் என்பதால் முதலாண்டின் தொடக்கத்திலேயே தருவது நல்லது.

சேர்ந்தபின் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். மரம் நடுதல், வளாகத் தூய்மை, எழுத்தறிவித்தல், குருதிக்கொடை முகாமில் உதவுதல் என்று பணிகள் பலவகை. இவற்றோடு ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் பங்கேற்றால் சான்றிதழ் கிடைக்கும்.

நம் வீடுகளில் தயக்கம் எழும் இடம் அந்த ஏழு நாள் முகாம்தான். தயக்கம் இயல்பே. அதை மறுப்பாக மாற்றுமுன் நேரில் சென்று கேளுங்கள். முகாம் எந்த ஊரில்? இரவுத் தங்கல் எங்கே? உடனிருக்கும் ஆசிரியை யார்? தொழுகைக்கு இடமும் நேரமும் கிடைக்குமா? உணவு என்ன? இவற்றைக் கேட்பது பெற்றோரின் உரிமை. விடைகள் மனநிறைவு தந்தால் அனுப்புங்கள். தராவிட்டால், முகாம் குறித்துப் பின்னர் முடிவு செய்யலாம். அதற்காக வாரந்தோறும் வளாகத்தில் நடக்கும் பணிகளையும் சேர்த்துத் தடுத்துவிடாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டா

சகோதரத்துவத்தின் பெயரால் கொடுமை நிகழ்வது அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 1996 நவம்பரில், அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டது தமிழகத்தையே உலுக்கியது. அதன்பின் 1997இல் ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் நம் மாநிலத்தில் வந்தது. இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்கு அதில் இடமுண்டு. 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி, ராகிங்கில் ஈடுபட மாட்டோம் என மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும். 1800-180-5522 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை உங்கள் மகளின் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நட்பு வேறு, பணிய வைத்தல் வேறு என்பதையும் அவளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நம் ஊர்த் தறிகளில் ஒரு பாவு முடிந்ததும், புதிய பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான இழைகள், அவற்றில் ஒன்றையும் விட்டுவிட மாட்டார்கள். வீட்டை விட்டுப் புதிய இடத்திற்குச் செல்லும் நம் பெண்ணுக்கும் அங்கே அத்தகைய பிணைப்பு வேண்டும். தேர்வில் தவறிய நாளில் அவள் கையைப் பற்றி, "அடுத்த பருவத்தில் எழுதலாம், வா" என்று சொல்ல ஒருத்தி வேண்டும். ஒன்றாக மரம் நட்டவர்களிடையே அத்தகைய ஒருத்தி கிடைப்பது எளிது.

ஆகவே, அந்தப் படிவம் உங்கள் வீட்டில் எங்கேனும் மடித்து வைக்கப்பட்டிருந்தால் இன்றே எடுத்துப் படியுங்கள். நாளை கல்லூரிக்குச் சென்று திட்ட அலுவலரைச் சந்தியுங்கள். கேட்க வேண்டியவற்றைக் கேட்டு, மனம் நிறைந்தபின் கையொப்பமிடுங்கள்.