பூட்டும் சாவியும் ஒரே வீட்டில்

செப்டம்பர் 10, உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். அதையொட்டி வாசகர்கள் எழுதியவற்றில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. உயிரைக் காப்பாற்றிய மருத்துவமனை, “கூடவே இருந்து பாத்துக்கங்க” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. எப்படிப் பார்த்துக்கொள்வது, எத்தனை நாளைக்கு, வேலைக்குப் போவது யார்? டிஸ்சார்ஜ் சீட்டில் இதற்கெல்லாம் பதில் இல்லை.

பழியும் குடும்பத்தின் மேல்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர், அதில் 31.7 சதவீதத்துக்குக் காரணம் ‘குடும்பப் பிரச்சினை’. இது போலீஸ் விசாரணையிலிருந்து வரும் காரணம். ஒரு சாவுக்கு ஒரு காரணம்தான் எழுதப்படுகிறது. கடன், குடி, அடி உதை, கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு என எல்லாமே அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். அதை நோயின் பெயராக யாரும் படிக்க வேண்டாம்.

சாகும் எண்ணம் ஒரே அளவில் நிற்பதில்லை. ஏறும், தணியும். கணிசமானவர்களுக்கு அதன் உச்சம் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துவிடுகிறார்கள். ஆகவே 24 மணி நேரமும் கண்கொத்திப் பாம்பாக இருப்பதைவிட, பொருளைத் தூரத்தில் வைப்பதுதான் வீட்டாரின் முதல் வேலை.

ஆனால் எவ்வளவு தூரத்தில்? இலங்கையின் அனுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூச்சிமருந்துக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளியானது: பெட்டியால் முயற்சிகள் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை. எனக்கு இது வியப்பாக இல்லை. பெட்டி இருக்கும் வீட்டில்தான் சாவியும் இருக்கிறது. அதே நாட்டில் அரசு கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தபோது, 1995ஐ ஒட்டி உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் பின்னர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சரிந்தது. முயற்சிகள் நின்றுவிடவில்லை, பிழைத்தவர்களின் எண்ணிக்கை கூடியது. கடலூர் மாவட்டத்தில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் ஊருக்குப் பொதுவான பூச்சிமருந்துக் கிடங்கைச் சோதித்ததும், பொருளை வீட்டுக்கு வெளியே வைக்கும் இதே யோசனையில்தான்.

ஒரு தாய் எழுதியிருக்கிறார்: மகளின் மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்து, டப்பா பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறாராம். தூக்கமே இல்லை. அம்மா, அட்டை உங்கள் வீட்டிலேயே வேண்டாம். ஒரு வாரத்துக்குமேல் வாங்காதீர்கள். தங்கை வீட்டிலோ நம்பிக்கையான பக்கத்து வீட்டிலோ கொடுத்துவைத்து, அன்றைக்குரியதை மட்டும் வாங்கி வாருங்கள். வயல் மருந்தில் மிச்சம் வீட்டுக்கு வரவே கூடாது.

அடுத்தது தொடர்பு. ஐந்து நாடுகளில், சென்னை உட்பட ஐந்து இடங்களில், முயற்சிக்குப் பின் மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் உலகச் சுகாதார நிறுவனம் ஆய்வு நடத்தியது. ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரிப்பு, அவ்வளவுதான். அப்படி விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதமும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதமும் தற்கொலையால் இறந்தார்கள். விசாரித்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 115ஆம் பிரிவும் இந்தக் கவனிப்பை அரசின் கடமை என்றே சொல்கிறது. எல்லா மாவட்டங்களிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு ஐந்தாண்டுகளில் வரும் என்று 2022 தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டம் சொன்னது. அந்தக் கெடு 2027. டிஸ்சார்ஜ் ஆகும்போது கேளுங்கள்: அடுத்து எந்தத் தேதியில், யார் பேசுவார்கள்? எழுதி வாங்குங்கள்.

சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடாதா? வராது, கேளுங்கள்.

ரகசியமாக வைத்திருக்கச் சொன்னால்? அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள்.

வழக்கு வருமா? போலீஸ் விசாரிக்கலாம், ஆனால் முயற்சியைத் தண்டித்த, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை.

யாரை அழைப்பது? டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104, சிநேகா 044-24640050. உயிருக்கு ஆபத்தென்றால் உடனே 108.

பார்த்துக்கொள்கிற எனக்கே முடியவில்லையே? அதே எண்களை உங்களுக்காகவும் அழைக்கலாம். இரவுக் காவலை அண்ணன், மாமா, சித்தி என்று பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.