லண்டனில் ஃபைனான்ஸ் படிப்பு: கடன் வாங்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களில், பிள்ளையை பிரிட்டனுக்கு ஓராண்டு எம்.எஸ்ஸி. ஃபைனான்ஸ் படிக்க அனுப்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள். "செப்டம்பரில் போவான். கோடையில் ஏதாவதொரு பேங்கில் இன்டர்ன்ஷிப் செய்வான். அந்தச் சம்பளத்தில் கடனில் பாதி அடைந்துவிடும்." இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது. நகையை அடகு வைக்கும் முன்பே பெற்றோர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, விசா. பிரிட்டனில் முழுநேரப் பட்டப்படிப்புக்கு மாணவர் விசாவில் போகிறவர், படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம். விடுமுறையில் முழுநேரமும் பார்க்கலாம். கோடை என்றால் விடுமுறைதானே என்று நாம் நினைத்துவிடுகிறோம். இளங்கலை மாணவருக்கு அது சரி. ஓராண்டு முதுகலை மாணவருக்கோ ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பொதுவாக ஆய்வேடு எழுதும் காலம். வகுப்பே நடக்காவிட்டாலும் அது படிப்புக் காலம்தான். லண்டன் வங்கிகளின் கோடைப் பயிற்சி அதே மாதங்களில், சுமார் ஒன்பது பத்து வாரம், முழுநேரமாக நடக்கிறது. ஆகவே இடம் கிடைத்தாலும் சேர முடியாத நிலை வரும். பயிற்சி பாடத்திட்டத்திலேயே ஒரு பகுதியாக, மதிப்பெண்ணுக்கு உரியதாக இருந்தால் மட்டும் முழுநேரம் செய்யலாம். அப்படி அமைந்த படிப்புகளும் உண்டு. அவை பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டும்.

20 மணி நேரத்தை ஒவ்வொரு வாரமும், திங்கள் முதல் ஞாயிறு வரை, தனித்தனியாக எண்ணுவார்கள். இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30 என்று சரிக்கட்ட முடியாது. சம்பளம் இல்லாத பயிற்சிப் பணியும் கணக்கில் சேரும். மீறினால் விசாவே ரத்தாகலாம். அப்போது படிப்பும் போகும், கடன் மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது, காலம். பெரிய வங்கிகள் அடுத்த கோடைக்கான விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரிலேயே திறந்துவிடுகின்றன. பல இடங்களில் கடைசித் தேதிவரை காத்திருப்பதில்லை; விண்ணப்பம் வர வர ஆளை எடுத்து முடித்துவிடுவார்கள். நம் பிள்ளை செப்டம்பர் கடைசியில் போய் இறங்கி, அறை பிடித்து, ஹலால் கடை எங்கே என்று தேடி முடிப்பதற்குள் பாதிக் கதவுகள் மூடியிருக்கும். ஆகவே விண்ணப்பிக்கும் வேலை இங்கே, வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். மூன்றாண்டு இளங்கலைக்குப் போகிறவர்களுக்கு முதலாம் ஆண்டிலேயே 'ஸ்பிரிங் வீக்' என்ற சில நாள் அறிமுகப் பயிற்சி உண்டு. அதில் நன்றாகச் செய்தவர்களை மறு ஆண்டின் கோடைப் பயிற்சிக்கு எடுப்பது வழக்கம்.

அப்படியானால் முதுகலை மாணவருக்கு வழியே இல்லையா? உண்டு. கோடை அல்லாத மாதங்களில் மூன்று முதல் ஆறு மாதம் நடக்கும் 'ஆஃப் சைக்கிள்' பயிற்சிகள் இருக்கின்றன. படிப்பை முடித்து 'கிராஜுவேட்' விசா வாங்கியபின் அவற்றில் சேரலாம். அந்த விசாவுக்கு முதலாளியின் ஸ்பான்சர் தேவையில்லை. அதன் காலம் இப்போது இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலை மாணவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. கடன் தவணையைத் திட்டமிடுவோர் இதைக் கவனத்தில் வையுங்கள்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் சி.வி. ஒரு பக்கம் போதும். புகைப்படம், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், மதம் எதுவும் அங்கே எழுதும் வழக்கம் இல்லை. நம் பிள்ளைகள் இவற்றைத்தான் முதலில் எழுதுகிறார்கள். பிறகு இணையத்தில் கணக்குத் தேர்வு, வீடியோ நேர்காணல் என்று படிப்படியாக நடக்கும். பல்கலைக்கழகத்தின் 'கேரியர் சர்வீஸ்' இவற்றுக்கெல்லாம் இலவசமாகப் பயிற்சி தருகிறது. கட்டிய கட்டணத்தில் அதுவும் அடக்கம், கூச்சப்படாமல் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்ட்டிடம் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வேலை தேடுகிறவரிடம் வேலை தேடித்தரக் கட்டணம் வாங்குவதை, சில விதிவிலக்குகள் தவிர, பிரிட்டனின் 1973ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பெரிய வங்கிகள் தங்கள் சொந்த இணையதளத்தில்தான் விண்ணப்பம் வாங்குகின்றன. அதற்குக் கட்டணம் கிடையாது.

'ஃபைனான்ஸ் என்றால் வட்டிதானே' என்று உம்மாமார் கேட்பது நியாயமான கேள்வி. இத்துறையில் கடன் கொடுப்பதோடு தணிக்கை, இடர் மதிப்பீடு, சட்டவிதிக் கண்காணிப்பு என்று பல பிரிவுகள் உள்ளன. இஸ்லாமிய நிதித் துறையும் லண்டனில் இயங்குகிறது. பிரிட்டிஷ் அரசே 2014இல் 20 கோடி பவுண்டுக்கு சுகூக் பத்திரம் வெளியிட்டது. எந்தப் பணி ஆகும், எது ஆகாது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதிக் கடிதம் வந்ததும் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சலில் இரண்டு கேள்விகள் அனுப்புங்கள். இந்தப் படிப்பில் கோடை மாதங்கள் விடுமுறையா, படிப்புக் காலமா? பயிற்சிப் பணி பாடத்திட்டத்தில் அடங்குமா? பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கடனுக்குப் போகலாம். மின்னஞ்சல் எழுத உதவி வேண்டுவோர் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின், கடிதத்தின் நகலுடன் நம் அலுவலகத்துக்கு வரவும்.